நாலாவது காவல்

ஆகஸ்ட் 18, திங்கள்

ஜனவரியில் கொடுக்க வேண்டிய டைரியை ஆவணி பிறந்த மறுநாள் கொடுக்கிறாள் என் பேத்தி இந்துஜா. "ஸ்விட்ச் கடையில ரெண்டு கொடுத்தாங்க அமுச்சி. ஒண்ணுல நான் வேலை எழுதறேன். இன்னொண்ணு சும்மா கெடக்குது" என்றாள். சும்மா கிடப்பதைத்தான் எனக்குக் கொடுப்பாள். போகட்டும், நாலரை மாதக் காகிதம் மிச்சம் இருக்கிறது.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. என் எழுத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். கையெழுத்துக் கேட்டால் மை டப்பாவைத் தேடுகிற ஆள் நான் இல்லை. 'ப. நாச்சம்மாள்' என்று புள்ளி வைத்து, கீழே ஒரு கோடும் இழுப்பேன். ஏ பி சி டி முழுக்கத் தெரியும். கூட்டி வாசிக்கத்தான் வராது.

வேலை, காங்கயம் சென்னி மகாலில் பாத்திர ரூம். கல்யாண வீட்டாருக்கு அண்டா, போசி, கரண்டி எல்லாம் எண்ணிக் கொடுப்பேன். விசேஷம் முடிந்ததும் எண்ணி வாங்குவேன். பதினோரு வருஷத்தில் என் எண்ணிக்கையில் குறைந்தது ஒரே ஒரு சாம்பார் வாளி. அது யார் கைவேலை என்று எனக்குத் தெரியும். பெயரை எழுத மாட்டேன். மண்டபத்து வயர்மேன் என்று மட்டும் எழுதி வைக்கிறேன்.

மண்டபத்துக்கு ஏ.சி. போட்டதால் பழைய மெயின் போர்டு தாங்கவில்லை. புதுப் பேனல் வைக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார் முதலாளி சென்னியப்பன். நான்தான் போய், எம் பேத்தி இருக்கும்போது எதுக்குங்க வெளியாள் என்றேன். இந்துஜா கோயம்புத்தூர்க் கம்பெனியில் மூன்று வருஷம் பேனல் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்தமாக வேலை எடுக்கிறாள். என்னோடுதான் இருக்கிறாள்.

"பொம்பளப் புள்ளைக்கு மெயின் போர்டு வேலையா நாச்சக்கா?" என்றார்.

"ஏனுங், கரண்டு ஆம்பளையா பொம்பளையான்னு பாத்தா அடிக்குது?" என்றேன். சிரித்துவிட்டு வேலையைக் கொடுத்தார்.

இதுதான் அவளுக்கு முதல் பெரிய வேலை. இது நன்றாக நின்றால் இந்த ரோட்டில் இருக்கிற ஒன்பது மண்டபமும் அவளைக் கூப்பிடும். நிற்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசிக்கவில்லை. என் பேத்தி செய்தது ஏன் நிற்காது?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பேனல் வந்த பெட்டிகளைப் பிரித்ததில் பாத்திர ரூம் வாசல் முழுக்கத் தெர்மாகோல், அட்டை, மரச்சக்கை. "எல்லாத்தையும் தூக்கிப் போடுங்க அமுச்சி" என்று சொல்லிவிட்டு இந்துஜா கேபிள் வாங்க ஈரோடு போய்விட்டாள்.

மத்தியானம் கூரியர்காரர் வந்து ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார். "படிக்கத் தெரியுங்களா, கைநாட்டா?" என்றார். பேனாவை வாங்கிப் போட்டேன் பாருங்கள் கையெழுத்தை, வாயை மூடிக்கொண்டு போனார்.

பெட்டிக்குள் இங்கிலீஷ் காகிதம் ஒன்று, கறுப்பு வளையம் ஒன்று. நல்ல கனம். ஓரத்தில் சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக இரண்டு வயர் வால் மாதிரி தொங்கியது. வண்டியில் சாமான் உருளாமல் இருக்க அண்டை கொடுப்பார்களே, அதுபோல என்று நினைக்கிறேன். வால் கட்டித் தூக்குவதற்கு. குப்பையில் போட மனசு வரவில்லை. என் தண்ணிப் பானைக்கு வைத்த பிரிமணை நைந்துபோய் ஒரு பக்கம் சாய்கிறது. வளையத்தை வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது பானை.

வளையத்தின் ஒரு முகத்தில் வெள்ளைப் பெயிண்டில் P 1 என்று எழுதியிருக்கிறது. இன்னொரு முகத்தில் எழுத்து இல்லை, ஓரத்தில் நகம் அளவு மூளி. எழுத்துள்ள முகத்தைத் தரையில் வைக்கக் கூடாது, சரஸ்வதி. அதனால் மூளி கீழே, எழுத்து மேலே.

இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன்? டைரி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

பேனலுக்குக் கற்பூரம் காட்டி மெயினைப் போட்டார்கள். அம்மி அளவு கறுப்புப் பிரேக்கர். அதன் முகத்தில் சின்னச் சின்னத் திருகு, ஒரு குட்டிக் கண்ணாடி.

வயர்மேன் குழந்தைவேலு கையைக் கட்டிக்கொண்டு பார்த்தான். இருபது வருஷமாக இந்த மண்டபத்துக் கரண்டு அவன் கையில். "பழைய ஃபியூஸ் கட்டைன்னா கம்பி கட்டிப் போட்டுட்டுப் போயிட்டே இருப்பனுங். இதென்னுங் அம்முணி, செல்போனாட்ட இருக்குது?" என்றான்.

இந்துஜா அவனுக்குச் சொன்னதை நானும் கேட்டேன். "அண்ணா, பிரேக்கர் வெறும் கைதான். அதுக்கு மூளை இந்தப் பொட்டி. உள்ள நாலு காவல்காரங்க இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. மொத ஆளு ரொம்பப் பொறுமை. லோடு அளவுக்கு மேல கொஞ்சமாப் போனா ரொம்ப நேரம் பொறுத்துப் பார்ப்பாரு, ஜாஸ்தியாப் போனாச் சீக்கிரம் நிறுத்துவாரு. கேபிள் எவ்வளவு சூடாச்சுன்னு மனசுல வெச்சுக்குவாரு, நிறுத்திப் போட்டாலும் ஒடனே மறக்க மாட்டாரு."

"அடுத்தவரு?"

"எங்காவது ஷார்ட் ஆனா, கண்ணிமைக்கிற நேரம் பொறுப்பாரு. கீழ இருக்கற சின்ன பிரேக்கரு தன் வேலையத் தானே பாக்கட்டும்னு. சமையக்கட்டுல ஒரு மிஷினு போனதுக்கு மண்டபத்தையே இருட்டாக்கக் கூடாதில்ல? மூணாவது ஆளுக்குப் பொறுமையே கெடையாது. பெரிய ஷார்ட்டுன்னா அந்த நிமிஷமே வெட்டிருவாரு."

"அது நம்ம நாச்சக்காங்" என்றான் குழந்தைவேலு. எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. முதல் காவல்காரன் மாதிரி யார் என்று யோசித்தேன். அப்படிப் பொறுக்கிற ஆள் எனக்குத் தெரிந்து இந்த ஊரில் இல்லை.

நாலாவது ஆள் எர்த்துக்கு. கரண்டு வழி தவறி மண்ணுக்குள் ஒழுகினால் கண்டுபிடிப்பவர். அதற்குள் டீ வந்துவிட்டதால் அது அவ்வளவோடு நின்றது.

இந்துஜா கைப்பெட்டி ஒன்றைச் செருகி நாலு பேரையும் ஒவ்வொருவராகச் சோதித்தாள். நாலும் பாஸ். நான் அஞ்சாவதில் பாஸ் ஆனபோதுகூட இவ்வளவு சந்தோஷப்படவில்லை.

ஆகஸ்ட் 22, வெள்ளி

காதுகுத்து. எழுபது இலைதான். விளக்கு அசையவில்லை. பானை, பிரிமணை, தீபத்தட்டு எல்லாம் தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். பிரேக்கரைப் பார்க்க வந்த குழந்தைவேலு என் பானையில் தண்ணீர் குடித்துவிட்டு, "பானை இப்ப நேரா நிக்குதுங்க்கா" என்றான். அவன் தண்ணீர் குடிக்க வராத நாளே இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மானம் போயிற்று.

சாயங்காலம் ரிசப்ஷன். மேடை முழுக்கப் பூ, பூவுக்குப் பூ ஒரு லைட்டு. வாசலில் யானை மாதிரி ஒரு தோரணம், அதற்கு ஆயிரம் பல்பு. ஏழேகாலுக்கு டெக்கரேஷன்காரர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டார். பத்து நிமிஷம் தேவலோகம். அப்புறம் டப் என்று ஒரு சத்தம். இருட்டு. பெண்ணுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த அத்தைக்காரி மூக்கில் வைத்துவிட்டாள்.

ஜெனரேட்டர் இருந்தும் பயனில்லை. அதன் கரண்டும் இந்தப் பிரேக்கர் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். இந்துஜா ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு மறுபடி போட்டாள். வாசல் தோரணத்தை அணைத்த பிறகுதான் பிரேக்கர் விழாமல் நின்றது.

பேனல் ரூமில் எட்டிப் பார்த்தேன். குட்டிக் கண்ணாடியில் ஒரே எழுத்து. G. எனக்குத் தெரிந்த எழுத்துத்தான்.

"அது என்ன கண்ணு?"

"நாலாவது ஆளு அமுச்சி. எங்கியோ எர்த்துல ஒழுகுதுன்னு சொல்றாரு."

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையிலிருந்து இந்துஜாவும் குழந்தைவேலுவும் ஒழுகலைத் தேடுகிறார்கள். மெக்கர் என்று ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு கிரைண்டர், மோட்டார், குளிர்பெட்டி, ஒவ்வொரு லைன். ஒன்றிலும் ஒழுகல் இல்லை. பூனை நனைத்த ஒரு பிளக்கை மாற்றினார்கள். அதுதான் காரணம் என்று அடித்துச் சொன்னேன். நான் சொன்னால் சரியாக இருக்கும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பூனை இல்லை.

மறுபடியும் ரிசப்ஷன், மறுபடியும் ஏழு மணி, மறுபடியும் G. இந்த முறை முதலாளி பேனல் ரூமுக்கே வந்துவிட்டார்.

"அம்முணி, மூணாந்தேதி எம்பொண்ணுக்கு மாப்பிள்ள அழைப்பு. நாலு மந்திரி, நாப்பது மில்லுக்காரங்க வர்றாங்க. இன்னொரு தடவ லைட்டு போச்சுன்னா இந்தப் பேனல் உன் வேலையுமில்ல, நீ எனக்குத் தெரிஞ்ச புள்ளையுமில்ல. சங்கத்துல கேட்டாங்கன்னா உள்ளதச் சொல்லிப்போடுவேன்."

அவர் சங்கம் என்பது அந்த ஒன்பது மண்டபமும்தான்.

குழந்தைவேலு மெதுவாக, "ஏனுங் அம்முணி, அந்த நாலாவது திருகுல ஆஃப்புன்னு ஒண்ணு போட்டிருக்குதே. அங்க திருப்பி வெச்சுட்டா வேல முடிஞ்சுதுங்ளே" என்றான். முதலாளி, "திருப்பு திருப்பு" என்றார்.

இந்துஜா பேனல் முன்னால் போய் நின்றாள். கையை அகலமாக வைத்துக்கொண்டு நின்றாள், சின்னப் பிள்ளையில் பலகாரத் தூக்கை மறைத்து நின்ற மாதிரி.

"முடியாதுங்க. கேபிள் ஒண்ணு உரிஞ்சு தகரத்துல உரசிப் பொறியறதுன்னா, அந்தக் கரண்டு கொஞ்சமாத்தான் போகும். மத்த மூணு பேருக்கும் அது சாதாரண லோடாட்டத் தெரியும். உள்ளுக்குள்ள எரிஞ்சுட்டே இருக்கும், மேல ஷாமியானாத் துணியும் காஞ்ச ஓலையும். அதக் கண்டுபுடிக்கிறது இந்த ஒருத்தர்தான். இவரத் தூங்க வெச்சுட்டு எந்தக் கல்யாணத்துக்கும் நான் கரண்டு குடுக்க மாட்டனுங்க. அவரு எதுக்குக் கத்தறாருன்னு கண்டுபுடிக்கிறேன்."

"மூணாந்தேதி சாயங்காலம் வரைக்கும் பாரு" என்று போய்விட்டார்.

நான் எண்ணிக்கை தவறி, கரண்டிகளை மறுபடி எண்ணினேன். முதல் தடவையாக.

ஆகஸ்ட் 29, வெள்ளி

பாத்திரம் தேய்த்தேன். இந்துஜா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். சாப்பிட வைப்பதற்காக, "அந்த நாலாவது ஆளு ஒழுகலை எப்படிக் கண்டுபுடிக்கிறாரு?" என்று கேட்டேன்.

"எண்ணித்தான் அமுச்சி. மூணு கம்பில கரண்டு உள்ள போகுது. போனது திரும்பி வரோணும். ஏ.சி. மாதிரி மூணு கம்பிலயும் சமமா ஓடறது அந்த மூணுக்குள்ளயே வந்துரும். லைட்டு அப்படியில்ல, ஒரு கம்பில போயி நாலாவது கம்பில, நியூட்ரல்ல, திரும்பி வரும். நாலயும் சேத்து எண்ணுனா போனதும் வந்ததும் நேராகோணும். நேராகலைன்னா எங்கியோ மண்ணுக்குப் போயிருச்சுன்னு அர்த்தம்."

"நாலாவது கம்பிய எண்ண மறந்துட்டா?"

"அது வழியா வந்ததெல்லாம் திருட்டுப் போயிருச்சுன்னு கத்துவாரு. ஆனா நம்முளுதுல அதுக்குத் தனியா ஒரு கண்ணு பின்னால இருக்குது. படத்துல போட்டிருக்குது."

சோற்றை முழுக்கச் சாப்பிட்டாள். எனக்குத்தான் இறங்கவில்லை. பின்பக்கமாக வந்து சேர்ந்ததை எண்ணாமல் திருட்டுப் பட்டம் கட்டுகிற மிஷின். என்ன மிஷினோ.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

இந்துஜாவின் புத்தகத்தில் படம் பார்த்தேன். பேனலின் பின்புறம் நியூட்ரல் பட்டையில் மாட்டியிருக்கிற வளையம். கறுப்பு. சிவப்பு ஒன்றும் கறுப்பு ஒன்றுமாக வால்.

தலைவலி. எழுத வேறு ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 1, திங்கள்

பானையை இரண்டு செங்கல் மேல் வைத்தேன். கழுவ வேண்டியிருந்தது.

வளையத்தை அதன் பெட்டியிலேயே போட்டு, பரண் மூலையில் பழைய குத்துவிளக்குப் பெட்டிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அது அதுவாகவே பேனல் ரூமில் எங்காவது கிடைத்தால் நல்லது. கிடைக்கும்படி செய்ய வேண்டும். நாளைக்கு.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், யார் படிக்கப் போகிறார்கள். அந்தச் சாம்பார் வாளி தொலைந்து ஆறாவது மாதம் ஒருநாள் காலையில் பாத்திர ரூம் வாசலில் இருந்தது. பின்கதவு வழியாக யாரோ கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டு, யாரோ கண்டெடுத்துக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். அடியில் என் பெயர் வெட்டியிருந்தது, அதே வாளிதான். எடுத்து வரிசையில் வைத்தேன். அதற்குள் குழந்தைவேலுவை நாலு பேர் முன்னால் நான் கேட்காத கேள்வி இல்லை. நாலு வருஷம் ஆகிவிட்டது. இனி எதற்குக் கிளறுவது என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இந்துஜா பேனலின் பின் தகரத்தைக் கழற்றிவிட்டாள். படத்தில் வளையம் இருக்கிற இடத்தில் ஒன்றும் இல்லை. பேனல் செய்த கம்பெனிக்குப் போன் போட்டாள். "லூஸாத்தான் அனுப்பினோம், சைட்டுல மாட்டிக்கச் சொல்லி. பத்தொம்பதாந்தேதி கையெழுத்தும் வாங்கியிருக்குது. சீட்டை நாளைக்குத் தேடி அனுப்பறோம்" என்றார்கள்.

"கைப்பெட்டி மூளையத்தான் கேட்டுது. கண்ணு இருக்குதான்னு கேக்கவேயில்ல. நானும் பாக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு அவள் முகம் மாறியது. நேராகக் குழந்தைவேலுவிடம் போனாள்.

"பத்தொம்பதாந்தேதி நான் ஊர்ல இல்ல. பேனல் ரூம் சாவி உங்ககிட்டத்தான். கறுப்பா, உருண்டையா, ரெண்டு வயர் வெச்ச வளையம் அண்ணா. நான் தோக்கோணும்னு இருந்தா மூஞ்சிக்கு நேராச் சொல்லியிருக்கலாமில்ல?"

அப்படியே என் குரல். மூன்றாவது காவல்காரன்.

குழந்தைவேலு என் ரூம் பக்கம் திரும்பினான். பானையைப் பார்த்தான், செங்கல்லைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

"நான் எடுக்கலீங் அம்முணி" என்றான். "நாளைக்குள்ள கெடைச்சுரும்னு தோணுதுங்."

அவ்வளவுதான். தண்ணீர் குடிக்காமல் போய்விட்டான்.

செப்டம்பர் 3, புதன்

இதை எழுதும்போது ராத்திரி மணி எட்டு. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்கே பெட்டியை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு போனேன். பேனலுக்குப் பின்னால் வைத்துவிட்டு, பெருக்கும்போது கிடைத்தது என்று சொல்லுவதாக ஏற்பாடு. போனால் குழந்தைவேலு அங்கே பேனலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முந்தானை புடைத்திருந்ததைப் பார்த்தான். "நான் டீ குடிச்சுட்டு வர்றனுங்க்கா" என்று வெளியே போய்விட்டான். எனக்கு இடம் விட்டுத்தான் போனான்.

கீழே வைத்துவிட்டு வந்திருக்கலாம். வைத்தால் அவன் எடுத்து ஒளித்து வைத்தது என்றுதான் ஆகும். வாளி மாதிரியே. கை வரவில்லை. இந்துஜா வரும்வரை பெட்டியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

"கண்ணு, குழந்தவேலு மேல தப்பில்ல. கையெழுத்துப் போட்டு வாங்குனது நான். பானைக்கு அடியில வெச்சிருந்தேன்."

அவள் பெட்டியைத் திறந்தாள். வளையத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி வளையத்தைப் பார்த்தாள். திட்டுவாள் என்று பார்த்தால் சிரித்துவிட்டாள். சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர். அப்புறம் சட்டென்று சிரிப்பு நின்றது. வளையத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"இதுல பி ஒண்ணுன்னு எழுதியிருக்குமே அமுச்சி. எங்கிங்க?"

"வெள்ளிக்கெழம தேச்சனில்ல."

"தேச்சீங்களா!"

"ரெண்டு வெள்ளிக்கெழம."

எழுத்து இருந்த முகம் கரண்டு வருகிற பக்கம் பார்க்க வேண்டுமாம். மாற்றிப் போட்டால் திரும்பி வருவதையும் போனதோடு சேர்த்து இரண்டு மடங்காக எண்ணிவிடும். இருக்கிறதைவிட மோசம். போட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்தான். ஆனால் மேடை லைட்டும் தோரணமும் முழுக்க எரிந்தால்தான் தெரியும், அது சாயங்காலம் ஆறரைக்குத்தான் எரியும், மாப்பிள்ளை வாசலில் நிற்கும்போது. தப்பாக இருந்தால் முதலாளி சொன்ன அந்த 'இன்னொரு தடவை' வந்துவிடும்.

குழந்தைவேலு டீயோடு வந்து கதவோரம் நின்றான்.

"எழுதி வெச்சிருக்கறேன்" என்றேன்.

"என்னது?"

"எந்த மொகத்துல எழுத்துன்னு. டைரில."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நானே வாசித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். மூக்குக் கண்ணாடி வீட்டில். இந்துஜா கையை நீட்டினாள். கொடுக்காமல் என்ன செய்வது.

நின்றபடியே படித்தாள். 'மூளி கீழே, எழுத்து மேலே' என்பதை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தாள். அப்படியானால் மூளி இல்லாத முகம் பி ஒன்று. அதோடு டைரியை மூடியிருக்கலாம். மூடவில்லை. முன்னால் புரட்டினாள், பின்னால் புரட்டினாள். ஒரு பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். செப்டம்பர் ஒன்றாம் தேதி என்று எனக்குத் தெரியும், அந்தப் பக்கத்தில் மை கொட்டியிருக்கிறது.

பிறகு குழந்தைவேலுவிடம் போய், "அண்ணா, நேத்து நான் பேசுனது தப்பு. மன்னிச்சுக்குங்க. அரை மணி நேரம் மெயினை நிறுத்தோணும். பட்டையைக் கழட்ட நீங்க வேணும்" என்றாள். அவன் டீயை என் கையில் கொடுத்துவிட்டு ஸ்பேனரை எடுத்தான். முதலாளியிடம் அரை மணி நேரத்துக்கு நான்தான் போய்க் கேட்டேன். எதற்கு என்று கேட்டார். என் பானைக்காக என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவருக்குப் புரிந்திருக்காது.

சாயங்காலம் ஆறரை. மாப்பிள்ளை கார் வந்தது. தோரணம், மேடை, மரத்துக்கு மரம் சீரியல் செட், எல்லாம் ஒன்றாக எரிந்தது. நாங்கள் மூன்று பேரும் பேனல் ரூமில். இந்துஜா என் கையைப் பிடித்திருந்தாள். குட்டிக் கண்ணாடியில் நியூட்ரலுக்கு நேராக எண் ஏறிக்கொண்டே போனது. நூறைத் தாண்டியது. அதற்குக் கீழே G என்று போட்ட வரி ஒன்று, இரண்டு, ஒன்று என்று பூஜ்ஜியத்தைச் சுற்றியே விளையாடிக்கொண்டிருந்தது.

பத்து நிமிஷம். இருபது நிமிஷம். டப் சத்தம் கேட்கவே இல்லை.

"எண்ணிட்டாருங்" என்றான் குழந்தைவேலு.

முதலாளி பட்டு வேட்டியோடு எட்டிப் பார்த்தார். "என்ன அம்முணி, அந்த நாலாவது ஆளை ஆஃப் பண்ணிட்டயா?"

"இல்லீங்க. முழிச்சுட்டுத்தான் இருக்காரு" என்றாள் என் பேத்தி. "அவருக்குக் கண்ணு குடுத்துட்டோம்."

"அப்பச் சரி. அடுத்த வாரம் என் மச்சான் மண்டபத்தையும் போயிப் பாத்துரு" என்று பன்னீர்ச் செம்போடு ஓடிவிட்டார்.

டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது இந்துஜா ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "அந்த வாளி வெசயத்த நீங்களே சொல்லீருங்க அமுச்சி."

செப்டம்பர் 4, வியாழன்

முகூர்த்தம் நல்லபடி முடிந்தது. விளக்கு இமைக்கவில்லை. பாத்திரம் எண்ணி வாங்கினேன். பின்கதவையும் போய்ப் பார்த்தேன், இரண்டு ஜல்லிக்கரண்டி அங்கே இருந்தது.

குழந்தைவேலு மூன்று முறை என் ரூமைத் தாண்டிப் போனான். மூன்று முறையும் எனக்கு வேலை இருந்தது.

செப்டம்பர் 5, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் தண்ணீர் குடிக்க வந்தான். சொம்பைக் கொடுத்தேன். அவன் குடித்து முடிப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன். "குழந்தவேலு, அந்தச் சாம்பார் வாளி அப்பவே வந்துருச்சு. இந்த வாசல்லயே இருந்துது. நான் உங்கிட்டச் சொல்லல. நான் பேசுனதெல்லாம் தப்பு."

அவன் பாட்டுக்குக் குடித்துக்கொண்டிருந்தான். சொம்பைக் கவிழ்த்து வைத்தான்.

"தெரியுமுங்க்கா."

"என்ன தெரியும்?"

"மாவு ரூம் பரண் மேல கெடந்துதுங். ஃபேன் மாட்ட ஏறுனப்பப் பாத்தேன். எறக்கி உங்க வாசல்ல வெச்சது நாந்தானுங்."

கவிழ்த்த சொம்பை நானே நிமிர்த்தி வைத்தேன். "நாலு வருசமா ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா வாளி பதில் சொல்லிருமுங்களா? நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்துட்டிருந்தனுங். கொஞ்சம் லேட்டாயிருச்சு" என்று சிரித்தான்.

பொறுமைக்கார முதல் காவல்காரன் மாதிரி ஒரு ஆள் இந்த ஊரில் இல்லை என்று இருபத்தொன்றாம் தேதி எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. இதையும் எழுதிவிட்டேன், இரண்டும் இருக்கட்டும்.

போனவன் மத்தியானம் திரும்பி வந்தான். பேனல் வேலையில் மிஞ்சிய கேபிள் தோலைப் பிரித்துப் பின்னி, ஒரு பிரிமணை செய்து கொண்டுவந்திருந்தான். செங்கல்லை எடுத்துவிட்டு அதை வைத்தான். பானையை நானே தூக்கி வைத்தேன். ஆடாமல் உட்கார்ந்தது.

எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்று குனிந்து பார்த்தேன்.

"எழுத்து ஒண்ணுமில்லீங்க்கா" என்றான். "எப்படி வேணாலும் வெக்கலாம்."